பிள்ளைகள் தாங்களே முட்டையும் கீரையும் வீடுகளுக்கு விற்க விரும்புகிறார்கள்: எப்படித் தொடங்கலாம்?

கேள்வி: அரியக்குடி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். அரியக்குடிக்கு அப்பால், காரைக்குடிக்கு மிதிவண்டியில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் எங்கள் நிலம் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் நெல்லும், மேட்டில் நிலக்கடலையும், கிணற்றடியில் கீரையும் காய்களும் பயிரிடுகிறோம். வீட்டைச் சுற்றி இருபது நாட்டுக்கோழிப் பெட்டைகள் மேய்கின்றன. முட்டைகளை இதுவரை வாரம் ஒருமுறை வரும் வியாபாரியிடம்தான் கொடுத்து வந்தோம்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் அரசு மிதிவண்டி கிடைத்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சாக இருக்கிறது. நம்மிடம் 9 ரூபாய்க்கு எடுக்கப்படும் முட்டை காரைக்குடிக் கடையில் 15 ரூபாய்க்கு விற்கும்போது, இடையில் உள்ள 6 ரூபாயை நாமே ஏன் பெறக்கூடாது என்று அவளும், ஏழாம் வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு வயதுத் தம்பியும் கேட்கிறார்கள். கேட்டதோடு நில்லாமல் ஒரு நோட்டில் திட்டமும் எழுதிவிட்டார்கள். அதன்படி பதினைந்து வீடுகளுக்கு வாரம் ஆறு முட்டைகளும் இரண்டு கட்டுக் கீரையும் கொண்டுபோய்க் கொடுப்பது, கல்யாண வீடுகளில் பெரிய ஆர்டர் பிடிப்பது, நாங்கள் சிறிதளவு பயிரிடும் கறுப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல்லை அரிசியாக்கிச் சென்னையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பார்சல் அனுப்புவது ஆகிய மூன்றும் நடக்கவேண்டும்.

அவர்களுடைய ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் படிப்பு கெடுமோ என்ற அச்சம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வீடு வீடாக முட்டை விற்கப் போவது கௌரவக் குறைவு என்று என் தாயார் வருந்துகிறார். எந்த அளவுக்கு நான் உதவ வேண்டும், வரும் பணம் யாருடையது, சட்டப்படி ஏதேனும் இடையூறு வருமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சிங்கம்புணரி கோழி வளர்ப்பவர்

ஐயா, உங்கள் பிள்ளைகள் வாங்கும் வீடுகளை எண்ணியிருக்கிறார்கள், முட்டைகளை எண்ணவில்லை. நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டைகள் இட்டுவிட்டு அடைகாக்க அமர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பார்த்தால் ஒரு பெட்டையிடமிருந்து 60 முதல் 80 முட்டைகளை எதிர்பார்க்கலாம். சராசரியாக 70 என்று கொண்டால் இருபது பெட்டைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 1,400 முட்டைகள், அதாவது வாரத்துக்கு 27 முட்டைகள் தரும். அவையும் சீராக வருவதில்லை. சில வாரங்களில் நாற்பது கிடைக்கும், பல பெட்டைகள் ஒருசேர அடையில் அமர்ந்த வாரத்தில் பத்துகூடக் கிடைக்காது. பதினைந்து வீடுகளுக்கு ஆறு வீதம் 90 முட்டைகள் வேண்டும் என்ற கணக்கு இந்த இருபது கோழிகளைக் கொண்டு எந்நாளும் நிறைவேறாது. நான்கு வீடுகளுடன் தொடங்கச் சொல்லுங்கள். உபரி இருந்தால் வழக்கமான வியாபாரியிடமே கொடுங்கள். அவரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை.

குறையும் முட்டைகளை வெளியே வாங்கிச் சேர்த்துக் கொடுக்கும் எண்ணம் ஒருநாள் அவர்களுக்கு வரும். அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். பண்ணைப் பழுப்பு முட்டையை நாட்டு முட்டை என்று விற்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கிறார்கள்.

அடுத்தது வெயில். சேவலும் பெட்டைகளுடன் மேய்வதால் முட்டைகளில் பெரும்பாலானவை கருவுற்றவையாக இருக்கும். நம் பகுதியில் பங்குனி பிறந்தால் கோழிக்கூட்டுக்குள் அடுப்படி வெப்பம் இருக்கிறது. அந்தச் சூட்டில் முட்டை ஒரு பகல் முழுவதும் கிடந்தாலே கரு வளரத் தொடங்கிவிடும். வாங்கியவர் உடைத்துப் பார்க்கும்போது இரத்தக்கோடு தெரிந்தால் அந்த வீடு உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எனவே காலையிலும் மாலையிலும் முட்டைகளைச் சேகரித்து, ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் வைத்து, பானையின் வாயைத் துணியால் மூடிவைக்க வேண்டும். விற்கவேண்டிய முட்டைகளைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விடும், முட்டை விரைவில் கெடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முட்டையின் மீது எடுத்த தேதியைப் பென்சிலால் எழுதும் வேலையைத் தம்பியிடம் ஒப்படையுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நோய் ஒருமுறை புகுந்தால் ஒரு வாரத்தில் கூடு காலியாகிவிடும், அதன்பிறகு வாடிக்கையாளர் பட்டியல் மட்டும் கையில் இருக்கும்.

பதில் 2: செக்காலை இல்லத்தரசி

நான் விற்பவள் அல்லள், வாங்குபவள். காரைக்குடியில் எங்களைப் போன்ற வீடுகளில் வயதானவர்கள் இருவர் மட்டுமோ, ஒருவர் மட்டுமோ இருக்கிறோம், பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில் இருக்கிறார்கள். முட்டையும் கீரையும் வாசலுக்கு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் வருகிற நாள் தெரிந்திருக்க வேண்டும். செவ்வாயில் ஒருமுறை, வியாழனில் ஒருமுறை என்று மாறி மாறி வருபவரை நம்பி நாங்கள் கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. இந்த வாரம் முட்டை இல்லை என்றால் முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், கோபமே வராது. சொல்லாமல் விட்டால்தான் வருத்தம்.

சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஞாயிறு, எல்லா வீட்டிலும் சமையல் கூடுதலாக இருக்கும். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி நாட்களில் பல வீடுகளில் முட்டையைத் தொடுவதில்லை. புரட்டாசி மாதம் முழுவதும் விற்பனை படுத்துவிடும், கார்த்திகை மாதம் முதல் தைப்பூசம் வரை ஐயப்பனுக்கும் பழனிக்கும் விரதம் இருக்கும் வீடுகளிலும் அப்படியே. ஆகவே புரட்டாசியில் கீரையைக் கூட்டி முட்டையைக் குறைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த மாதத்தில் மிஞ்சும் முட்டைகளை அடைவைக்கலாமே என்று தோன்றுகிறது. 21 நாளில் பொரிக்கும் குஞ்சுகளை ஐப்பசி மழையிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதை மேலே எழுதிய அண்ணன்தான் கூறவேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் நின்று மணி அடித்தால் வளவை (நடுமுற்றப் பகுதியை) தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. எந்த வீட்டில் முகப்புக்குப் போகவேண்டும், எந்த வீட்டில் பின்வாசலுக்குப் போகவேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை யார் வீட்டுக் கதவையும் தட்டவேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் என்பதற்காக இரண்டு முறை வாங்குவோம். மூன்றாவது முறை வாங்குவது முட்டை நன்றாக இருந்தால்தான். உங்கள் தாயாருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. என்றாலும் குறித்த நேரத்தில் வந்து, கணக்கைச் சரியாகச் சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும் பெண்ணை இங்கே யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துப் பெருமையாகத்தான் பேசுவார்கள்.

பதில் 3: தேவகோட்டை, ஓய்வுபெற்ற கணக்கர்

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வைத்திருந்த கடைகளுக்கு இளவயதுப் பையன்கள் பெட்டியடிப் பையன்களாக அனுப்பப்பட்டார்கள் என்பதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. பணப்பெட்டிக்கு அருகில் அமர்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே சிட்டை (அன்றாடக் கணக்கு) எழுதப் பழகி, பின்னர் அடுத்தாளாகி (துணைப் பொறுப்பாளராகி), அதன்பின் கடையையே நடத்தும் பொறுப்புக்கு உயர்வது அங்கே முறையாக இருந்தது. அந்த முறையில் எல்லாமே போற்றத்தக்கவை என்று நான் கூறமாட்டேன், ஏனெனில் பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் கடல் கடந்து போனார்கள். எனினும் சரக்கைத் தொடுவதற்கு முன் கணக்கைத் தொடவேண்டும் என்ற ஒழுங்கை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பிள்ளைகள் 6 ரூபாய் இலாபம் என்கிறார்கள். அது வெறும் விலை வித்தியாசம். மேய்ச்சலுக்கு மேல் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தீனி இடுவதாகக் கொண்டால், இருபது கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ, ஆண்டுக்கு 365 கிலோ ஆகிறது. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,950 ரூபாய். அதை 1,400 முட்டைகளுக்குப் பங்கிட்டால் ஒரு முட்டைக்குத் தீனிச் செலவு மட்டும் ஏறக்குறைய 8 ரூபாய் வருகிறது. அப்படியானால் வியாபாரி கொடுக்கும் 9 ரூபாயில் உங்களுக்கு இதுவரை மிஞ்சியது என்ன என்ற கேள்வியும் எழுகிறது. அது உங்களுக்கான கேள்வி, பிள்ளைகளுக்கானது அல்ல. விலைகளும் தீனியின் அளவும் உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். அவற்றை அவர்களே அளந்து எழுதட்டும்.

வீட்டுக் களத்தில் கிடக்கும் நெல்லையும் கம்பையும் கோழிக்கு எடுத்துப் போட்டுவிட்டு அவற்றுக்குச் செலவு எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. பிள்ளைகள் எடுக்கும் தானியத்துக்குச் சந்தை விலையில் உங்கள் பெயரில் வரவு எழுதி, மாதக் கடைசியில் அவர்கள் அதை உங்களிடம் கொடுக்கவேண்டும். கோழிகள் உங்களுடையவை என்பதால் இவ்வளவு முட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி கொடுத்த விலையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவர்கள் எடுத்துக்கொள்வது மற்றொரு வழி. இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் பணம் சேர்ந்தபிறகு செய்யப்படும் பாகப்பிரிவினை உடன்பிறந்தார்க்குள்ளேயே மனக்கசப்பைத் தரும். இரண்டாவது வழி எளியது என்பது என் கருத்து.

நாட்குறிப்பு ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கமாகப் பேரேடு ஒன்று, இவ்விரண்டும் போதும். ஆண்டு முடிவில் கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஐந்தொகை எடுக்க மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். வணிகவியல் பிரிவில் படிக்கிறாள் என்றால் பாடத்துக்கும் உதவும். கடன் மட்டும் கொடுக்கவேண்டாம். பெரியவர்களிடம் பாக்கி கேட்கும் துணிவு இந்த வயதில் வராது, அப்படி வரவேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கக் கூடாது.

பதில் 4: சிவகங்கையிலிருந்து

சட்டம் பற்றிக் கேட்டதால் அதை மட்டும் கூறுகிறேன்.

பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி உடையவர் அல்லர் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ஆகவே தொழில் உங்கள் பெயரிலோ உங்கள் மனைவி பெயரிலோ இருக்கட்டும், பணம் பெறும் க்யூஆர் குறியும் அவ்வாறே இருக்கட்டும். பத்து வயது நிறைந்த சிறுவர்கள் வங்கி விதிக்கும் வரம்புக்குள் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இருவருக்கும் ஆளுக்கொரு கணக்குத் திறந்து அவரவர் பங்கை அதில் செலுத்தலாம்.

மகன் பன்னிரண்டு வயதினன் என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினான்கு வயது நிறையாதவர் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டும் குடும்பத்துக்கு உதவலாம். அபாயகரமான வேலை கூடாது, படிப்புக்கு இடையூறாகவும் இருக்கக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது என்று 2017இல் வந்த விதிகள் கூறுகின்றன. (கோழிகள் இந்த விதியைப் படித்திருக்காது, எனவே அதிகாலையில் கூட்டைத் திறப்பது உங்கள் வேலை.) வீடுகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அக்காவிடம் இருப்பதும், தம்பி முட்டைகளுக்குத் தேதி எழுதுவதும் எண்ணுவதுமாக இருப்பதும் பொருத்தமானவை. எப்படிப் பார்த்தாலும் இது அவர்கள் கற்றுக்கொள்ளும் வேலையாகவே இருக்கவேண்டும். குடும்ப வருமானம் அவர்களுடைய உழைப்பை நம்பியிருக்கும் நிலை வரக் கூடாது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, விவசாயி பண்ணை அளவில் விளைவிப்பவற்றை அச்சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. முட்டையும் கீரையும் அப்படியே கொடுக்கும்வரை சிக்கல் இல்லை. சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், ஊறுகாய் என்று செய்து விற்கத் தொடங்கினால் உணவுத் தொழிலாகப் பதிவு செய்யவேண்டும். சிறு தொழிலுக்குரிய பதிவு அது. அரிசியைப் பாக்கெட்டில் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் அப்போதும் பதிவு செய்துகொள்வதே நல்லது. பாக்கெட்டின் மேல் பொருளின் பெயர், அடைத்தவர் முகவரி, நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச விலை, புகார் கூறுவதற்கான தொடர்பு முதலியவை இருக்கவேண்டும். எடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், அதைத் தொழிலாளர் துறையில் பெறவேண்டும். முட்டையை எண்ணியும் கீரையைக் கட்டாகவும் விற்கிறவரையில் தராசே தேவைப்படாது என்பது உங்களுக்கு வசதி.

பதில் 5: பள்ளத்தூர்

தேவகோட்டைப் பெரியவர் கூறிய கணக்கு முழுவதும் சரியே. ஆனால் முதல் மாதத்திலேயே தானியக் கணக்கு, தீனிச் செலவு, ஐந்தொகை என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றினால் பன்னிரண்டு வயதுப் பையன் ஓடிவிடுவான். நானும் என் தமக்கையும் சிறுவயதில் வீட்டுத் தோட்டத்துக் கீரையைத் தெருவில் விற்றிருக்கிறோம். எங்களைப் பிடித்து வைத்தது கையில் தங்கிய பணம்தான். முதல் மூன்று மாதங்களுக்கு வரவையும் முட்டை எண்ணிக்கையையும் மட்டும் எழுதட்டும், செலவுக் கணக்கை அதன்பிறகு தொடங்கலாம்.

முட்டையைவிடக் கீரை பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். சிறுகீரை விதைத்த இருபத்தைந்து நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். நான்கு பாத்திகளில் வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால் வாரந்தோறும் ஒரு பாத்தி தயாராக இருக்கும். அரைக்கீரையை ஓரமாக ஒரு பாத்தியில் விட்டுவைத்தால் பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும், சிறுகீரை ஏமாற்றும் வாரத்தில் கைகொடுக்கும். கோழி எப்போது அடையில் அமரும் என்பது நம் கையில் இல்லை, விதைக்கும் நாள் நம் கையில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் வெயில் தணிந்ததும் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துச் சென்றால் வாடாது. விலைக்குக் காரைக்குடி உழவர் சந்தையில் அன்று எழுதிப் போட்டிருக்கும் விலையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அது மொத்த விலைக்கு மேலாகவும் கடை விலைக்குக் குறைவாகவும் இருக்கும். வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதால் கட்டுக்கு ஓரிரு ரூபாய் கூட்டுவதில் தவறில்லை. சந்தை விலைக்கும் கீழே இறங்கிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் விலையைக் குறைத்தால் அதே தெருவில் தலைச்சுமையாகக் கீரை கொண்டுவரும் அம்மாவின் பிழைப்பில்தான் அது விழும்.

கல்யாண ஆர்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கல்யாணச் சமையல்காரர் ஒரே நாளில் கேட்கும் பொருளை உங்கள் தோட்டம் ஒரு மாதத்தில்கூடத் தராது. அவருக்குக் கொடுப்பதற்காக வாடிக்கை வீடுகளை ஒரு வாரம் வெறுங்கையோடு விட்டால் மறுவாரம் அந்த வீடுகள் இருக்காது. பதினோராம் வகுப்புத் தேர்வுக் காலத்திலும் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வுக் காலத்திலும் விற்பனையை நிறுத்திவைக்கப் போகிறோம் என்பதை இப்போதே அந்த நான்கு வீடுகளுக்கும் கூறிவிடுங்கள். முன்கூட்டியே சொன்னால் காத்திருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: அரியக்குடி விவசாயி

எல்லோருக்கும் நன்றி. பதில்களை இருவரையும் அருகில் அமர்த்திப் படித்துக் காட்டினேன். வாரம் 27 முட்டைகள் என்ற கணக்கைப் பார்த்ததும் மகள் நோட்டில் பதினைந்தை அடித்து நான்காக்கினாள். அவள் தம்பி மட்டும் இன்னும் பத்துக் கோழிகள் வாங்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை மாலை, கீரை முதன்மை, முட்டை இருக்கிற அளவுக்கு, கடன் இல்லை, முட்டைக்கு வியாபாரியின் விலை எனக்கு என்ற அளவில் முடிவு செய்திருக்கிறோம். செக்காலை அம்மா எழுதியதை என் தாயாரிடமும் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தெரு வீடுகள் என்று பிறகு பேத்தியிடம் விசாரித்திருக்கிறார்.

கவுனியைப் பற்றி மட்டும் யாரும் விரிவாகக் கூறவில்லை. மகள் அதை விடுவதாக இல்லை.

பதில் 6: புதுவயல்

கவுனியை விடவேண்டாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு பருவத்துக்கான சரக்காக அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த அரிசியின் நிறமும் சத்தும் மேல்தோலில் இருப்பதால் உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடுதான் விற்கவேண்டும். தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் நாளானால் சிக்குவாடை வந்துவிடும், வண்டும் விரைவில் பிடிக்கும். ஆகவே நெல்லாகவே காயவைத்து மூட்டையில் வைத்திருந்து, ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரின் பெரிய ஆலைகள் ஒரு மூட்டையைத் தனியாக அரைத்துத் தரமாட்டா. கிராமத்துச் சிறிய ரைஸ்மில்லில், வேறு நெல் கலக்காதபடி, முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டு விசேஷங்களுக்கும்தான் இதைத் தேடுகிறார்கள். பாக்கெட்டுடன் ஒரு சிறு தாளில், இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு வேகவைத்து, குழைந்தபின் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்க்கவேண்டும் என்று மகளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊறவைக்காமல் குக்கரில் ஏற்றிவிட்டு அரிசி வேகவில்லை என்று புகார் கூறுபவர்கள் அதிகம். அஞ்சல் கட்டணத்தை அரிசி விலையில் கலக்காமல் தனியாக வாங்குங்கள். முதல் ஆண்டில் ஒரு மூட்டை நெல்லுக்கு மேல் இதற்கென ஒதுக்கவேண்டாம்.